வாடா போடா பழக்கமும் ஃபர்ஸ்ட் நேம் பேஸிஸும்

கேள்வி: சார், திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைஸரா இருக்கேன். இங்கிலாந்து பையர் ஒருத்தருக்கு ரெண்டு வருஷமா ‘டியர் மிஸ்டர் பீட்டர் சார்’னுதான் மெயில் போட்டுட்டு இருந்தேன். போன வாரம் அவரு ‘ஜஸ்ட் பீட்டர், ப்ளீஸ்’னு பதில் போட்டாரு. எங்க மேனேஜர் அதைப் பாத்துட்டு ‘ஓ, இப்ப ஃபர்ஸ்ட் நேம் பேஸிஸ் ஆயிடுச்சா’ன்னார். இதை எங்க எப்படி சொல்லணும், தமிழ்ல இதுக்கு என்ன? எங்கப்பா வயசு அவருக்கு, பேர் சொல்லி எழுத கை வரமாட்டேங்குது. (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா இதுல இங்கிலீஷ் மட்டும் இல்ல, நம்ம பழக்கமும் சேர்ந்து இருக்கு.

ரெண்டு பேர் மிஸ்டர், மேடம் எல்லாம் விட்டுட்டு ஒருத்தரை ஒருத்தர் அவங்கவங்க சொந்தப் பேர் சொல்லியே கூப்பிடுற அளவுக்குப் பழகிட்டா ‘வீ ஆர் ஆன் எ ஃபர்ஸ்ட் நேம் பேஸிஸ்’. இது அமெரிக்காக்காரங்க அதிகமா சொல்றது, உங்க பையர் ஊர்ல ‘ஆன் ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸ்’னு சொல்றதுதான் ஜாஸ்தி. ஒண்ணு முக்கியம், இது ரெண்டு பக்கமும் இருக்கணும். எனக்கு கலெக்டர் பேர் தெரியும்ங்கறதுக்காக ‘ஐ ஆம் ஆன் எ ஃபர்ஸ்ட் நேம் பேஸிஸ் வித் த கலெக்டர்’னு சொல்ல முடியாது, அவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். இன்னொரு மாதிரியும் வரும், அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போறவர் ‘அங்க இருக்கற நர்ஸ் எல்லாரோடயும் நான் ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸ்’னு சொன்னா, அத்தனை தடவை போயிருக்கேன்னு அர்த்தம், அதுல கொஞ்சம் அலுப்பும் இருக்கும்.

இதுக்கு முந்தின படிகளும் இருக்கு. பாத்தா தலையாட்டிட்டுப் போற அளவு பழக்கம்னா ‘நாடிங் அக்வெயின்டன்ஸ்’. ‘ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்’ங்கறது பெரும்பாலும் இல்லைன்னு சொல்லத்தான் வரும், ‘தே ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்’னா அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தை இல்லன்னு நாம சொல்றோமே அதேதான்.

சரி, பேருக்கு ஏன் அங்க இவ்வளவு மதிப்பு? ஒரு காலத்துல இங்கிலீஷ்லயும் நம்ம மாதிரியே நீ, நீங்க ரெண்டும் இருந்துச்சு. ‘தௌ’ன்னா நீ, ‘யூ’ன்னா நீங்க. யூ முதல்ல பன்மைதான், அப்புறம் பெரியவங்களுக்கும் மரியாதைக்காக அதையே சொல்ல ஆரம்பிச்சாங்க, நம்ம ‘நீங்கள்’ வந்த அதே வழி. 17ஆம் நூற்றாண்டு வாக்குல தௌ பொதுப் பேச்சுல இருந்து போயிடுச்சு, பழைய ஜெபங்கள்ல கடவுளைக் கூப்பிட இன்னும் மிச்சம் இருக்கு (நாமளும் முருகனை நீன்னுதானே சொல்றோம், நீங்கன்னா முருகனே தூரமா போயிட்ட மாதிரி இருக்கும்). ராஜாவுக்கும் யூ, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் யூன்னு ஆனப்புறம் யார் எவ்வளவு நெருக்கம்னு காட்ட அந்த வார்த்தையால முடியல, அந்த வேலை மொத்தமும் பேர் மேல வந்து விழுந்துடுச்சு.

நமக்கு அந்த வேலையை பேர் செய்றதில்ல, ‘வா’வும் ‘வாங்க’வும் செய்யுது. அதனாலதான் தமிழ்ல இதுக்கு ‘பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம்’னு மொழிபெயர்த்தா ஒட்டாது. ‘அவனும் நானும் வாடா போடான்னு பேசிக்கிறவங்க’, இதுதான் சரியான தமிழ். பொண்ணுங்களுக்கு வாடி போடி. அந்த அளவு இல்லைன்னா ‘நீ நான்னு பேசுற பழக்கம்’.

பேருக்கும் நெருக்கத்துக்கும் நம்ம ஊர்ல சம்பந்தம் கம்மின்னு எங்க பாட்டியை வச்சே எனக்குத் தெரியும். தாத்தா பேர்ல ‘ஆறு’ன்னு வரும். பாட்டி வாழ்நாள் முழுக்க அந்தப் பேரைச் சொல்லல, முட்டை எண்ணும்போதுகூட மூணு, நாலு, அஞ்சு, அதுக்கு மேல ஒண்ணு, ஏழுன்னுதான் எண்ணுவாங்க. ரேஷன் கார்டுக்கு வீட்டுக்காரர் பேர் கேட்டு வந்தவர்கிட்ட புடவைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு என்னைப் பாப்பாங்க, நான்தான் சொல்லணும். இங்கிலீஷ் கணக்குப்படி பாத்தா அவங்க ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் நேம் பேஸிஸ்லயே இல்ல. ஆனா தாத்தா செருப்பு சத்தம் தெருமுனையில கேக்குறப்பவே அடுப்புல காப்பித்தண்ணி ஏறிடும், அவரும் பாட்டி சாப்பிட்டாச்சான்னு கேக்காம ஒரு நாளும் கை நனைச்சதில்ல.

உங்களுக்குக் கை வரமாட்டேங்குதுன்னா அது தப்பே இல்ல, நம்ம வளர்ப்பு அது. ஆனா அவரே கேட்டப்புறமும் சார் போட்டா, நீ குடுத்த கையை நான் பிடிக்கலங்கற மாதிரி அவருக்குப் படலாம். இன்னொண்ணு, மிஸ்டர்ங்கறதை அங்க குடும்பப் பேரோடதான் சேப்பாங்க. பீட்டர் ஸ்மித்னு ஒருத்தர் இருந்தா மிஸ்டர் ஸ்மித், இல்ல வெறும் பீட்டர், மிஸ்டர் பீட்டர் கிடையாது. சொந்தப் பேருக்கு முன்னாடி சர் போட்டீங்கன்னா அது நைட் பட்டம் வாங்கினவங்களுக்கு உள்ளது.

அதே நேரம் இதை ரொம்பப் பெரிசாவும் எடுத்துக்காதீங்க. இப்ப அங்க ஆஃபீஸ்ல முதல் நாள்லயே பேர் சொல்றது சகஜம். பீட்டர்னு கூப்பிடலாம்ங்கறதுக்காக ஷிப்மென்ட் நாலு நாள் லேட்டானா அவர் பொறுத்துப்பார்னு நினைச்சிடாதீங்க, பேரும் இருக்கும், டெபிட் நோட்டும் (லேட்டுக்குப் பணத்தைப் பிடிச்சுக்கற சீட்டு) வரும். ‘பழையம் எனக்கருதிப் பண்பல்ல செய்யும் கெழுதகைமை கேடு தரும்’னு குறள் 700ல இருக்கு, பழகினவர்தானேன்னு உரிமை எடுத்துக்கிட்டு தகாததைச் செஞ்சா கெடுதல்தான் வரும்னு அர்த்தம். அது ராஜாகிட்ட வேலை பாக்குறவங்களுக்குச் சொன்னது, பையருக்கும் அப்படியே பொருந்தும்.

அடுத்த மெயில்ல ‘ஹாய் பீட்டர்’னு ஆரம்பிங்க, சங்கடமா இருந்தா ‘டியர் பீட்டர்’, அதுலயே மரியாதை இருக்கு. கீழ உங்க பேரை மட்டும் போடுங்க. இனிஷியலை விரிச்சு அப்பா பேரையும் சேத்துப் போட்டீங்கன்னா, எது உங்க பேர்னு அவருக்குத் தெரியாது, உங்கப்பா பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிட ஆரம்பிச்சிடுவார்.