காடிக்குக் காடி பேச எது நல்லது? கேள்வி பதில்

தோட்டத்திலிருந்து நாலைந்து காடி சேர்ந்து கிளம்பினால் வழியில் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்வது என்று சுங்கை சிப்புட் பக்கத்தில் பலரும் கேட்டிருந்தீர்கள். கைக்கு அடக்கமான சாதனங்களைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

அண்ணே, பள்ளி விடுமுறைக்குக் கோத்தா பாரு போகிறோம், ஐந்து காடி. வாட்ஸ்அப் குழு அழைப்பு போதாதா?

கோலகங்சார் வரைக்கும் போதும் தம்பி. கிரிக் தாண்டி கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் பல இடங்களில் லைன் இருக்காது. யானை ரோட்டைக் கடப்பதும் அங்கேதான். “யானை நிக்குது, மெதுவா வாங்க” என்று முன்காடி சொல்ல வேண்டிய நேரத்தில் அழைப்பு அறுந்து கிடக்கும். மணிக்கு 90 கிலோமீட்டரில் காடி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். செல்லோ மாதிரிப் பொத்தானை அழுத்திப் பேசும் கைத்தொலைபேசிச் செயலிக்கும் இணையம் வேண்டும். வாக்கிடாக்கிக்குக் கோபுரமே தேவையில்லை. காடிக்கு ஒரு செட் வாங்கி வையுங்கள்.

அதற்கு லைசென்ஸ் எடுக்கணுமா?

446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் செட்டுக்கும், 477 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை உள்ள செட்டுக்கும் தனி லைசென்ஸ் வேண்டாம். தரச் சான்று தரும் சிரிம் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லா அலைவரிசையும் திறந்து கிடக்கும் மலிவு செட்டை வாங்கிக் கண்ட இடத்தில் பேசுவது குற்றம். அவசர வேலையில் இருப்பவர்களின் பேச்சில் நாம் குறுக்கே விழுந்துவிடலாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. செம்பனைக்குள் நுழைந்தால் ஒரு கிலோமீட்டர்கூடக் கேட்கவில்லையே சார்?

பெட்டியில் போடுவது மலையிலிருந்து மலைக்குப் பேசும் தூரம். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். மேடும் மரமும் அதை மறிக்கும், மழையில் நனைந்த மட்டை இன்னும் அதிகமாக விழுங்கும். பெரிய வாட் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். தரையோடு பேசும்போது வாட்டைப் பத்து மடங்கு ஆக்கினாலும் தூரம் இரண்டு மடங்குகூட ஆகாது. ஏரியல் ஏற ஏறத்தான் பலன். கூட்டத்தில் உயரமான வேன் இருந்தால் அதை நடுவில் விடுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் எடுத்துச் சொல்லும் வேலை அதற்கு.

காடிக்குள் செட்டை மடியில் வைத்தால் தகரத்துக்குள் பேசுவது மாதிரிதான். கண்ணாடி ஓரமாக, ஏரியல் செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். படுக்க வைத்தால் எதிர்ச் செட்டுக்குப் போகும் பலம் குறையும். உலோகம் கலந்த டின்டட் ஒட்டியிருந்தால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பேசிப் பாருங்கள்.

நான் பேசினால் முதல் வார்த்தை யாருக்கும் கேட்பதில்லை. செட் பழுதா?

பழுது இல்லை. பொத்தானை அழுத்தியதும் இரண்டு செட்டும் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நீங்கள் “வலது பக்கம் திரும்பு” என்றால் அங்கே “பக்கம் திரும்பு” என்றுதான் விழும். சந்திப்பில் பாதிக் காடி இடதில் போய்விடும். அழுத்துங்கள், மூச்சு விடும் நேரம் பொறுங்கள், பிறகு பேசுங்கள். முடிந்ததும் “ஓவர்” சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் பலமான குரல் மட்டும் கேட்கும், இல்லையென்றால் வெறும் கிறீச்சல்தான்.

நாங்கள் மோட்டாரில் போகிறவர்கள், அங்கிள்.

தலைக்கவசத்தில் பொருத்தும் புளூடூத் இன்டர்காம் வாங்குங்கள். வாக்கிடாக்கியைக் கையில் பிடித்து ஓட்டவே கூடாது.

மகன் ஓட்டிக்கொண்டே பேசுகிறான். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான், ஐயா.

செட்டைப் பிடுங்கிப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுங்கள் அம்மா. ஓட்டுகிறவர் கையில் கைத்தொலைபேசியும் கூடாது, இதுவும் கூடாது. தனியாக ஓட்டி வருகிறவர் காதில் கேட்டால் மட்டும் போதும்; பதில் சொல்ல வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்லட்டும்.

புதுக் காடிகள் தாமாகவே பேசிக்கொள்ளுமாமே?

அந்தத் தொழில்நுட்பம் 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகிறது. பிரேக் போட்டதை, வேகத்தைக் காடிக்குக் காடி சொல்லும். நம் கைத்தொலைபேசியில் அந்த வசதி இல்லை.

வாக்கிடாக்கியில் ரகசிய எண் போட்டுவிட்டேன். இனி நாங்கள் பேசுவது வெளியே கேட்காதுதானே?

கேட்கும். அந்த எண் மற்றவர் பேச்சு உங்கள் செட்டில் கேட்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான். எண் போடாமல் அதே சேனலில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவது எல்லாம் கேட்கும். அதனால் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அதில் பேசாதீர்கள்.