முடிச்சூர் பக்கம் மனை வாங்கும் முன்: நில அளவையரிடம் சில கேள்விகள்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், மணிமங்கலம் பக்கம் மனை பார்ப்பவர்களும் அங்கேயே வாழ்பவர்களும் கேட்டவற்றுக்கு, ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரின் பதில்கள்.

சார், 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தானே?

இல்லைங்க. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே வீடுகளுக்குள் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். அப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். பலன் உண்டு. ஆனாலும் 2021லும் 2023லும் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது.

பட்டா சரியாக இருக்கிறது, வில்லங்கமும் இல்லை. போதாதா?

போதாது. நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று சொல்லாது. இங்குள்ள பல மனைகள் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள். 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) நஞ்சை என்று இருந்தால் கிராம வரைபடத்தை வாங்கி, கலங்கலிலிருந்து (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) வாய்க்கால் எந்த சர்வே எண்கள் வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். பக்கத்து மனை வாய்க்கால் புறம்போக்கை (அரசு நிலம்) ஒட்டியிருந்தால் புலப்படத்தையும் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்து அளந்துவிடுங்கள். ஊரில் வயதான விவசாயி ஒருவரிடம் கேட்டால் பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும். தரகர்கள் பெரும்பாலும் கோடையில்தான் கூட்டிப்போவார்கள். நீங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை தனியாகப் போய்ப் பாருங்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை என்கிறார்களே, அண்ணா?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவு என்றால், வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐயா, நாங்கள் உள்ளூர்க்காரர்கள். வயல்களே இல்லாதபோது ஏரி எதற்கு என்று சிலர் பேசுகிறார்கள்.

உங்கள் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் அந்த ஏரிதானே ஊற்று! மழை வெள்ளத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் கட்டட இடிபாடு கொட்டினால் சும்மா இருக்காதீர்கள். ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்துப் பேராகப் போய்த் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மனுவில் கால்வாயின் சர்வே எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் இடம் தெரியவில்லை என்று திருப்பி விடுவார்கள்.