பினாங்கின் கொடிமலையில் எங்கள் சங்கம் பாட்டு, பரதநாட்டிய நிகழ்ச்சி நடத்த முடியுமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

முடியும். சுமார் 120 பேர், பாட்டு, பரதம், நேரடிப் பக்கவாத்தியம், மாலை ஆறு மணிக்குத் தொடக்கம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு மணியை முதலில் அடித்துவிடுங்கள்.

கொடிமலை ரயிலில் ஓடுவது இரண்டே பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் விலகிக்கொள்ளும். பெட்டிக்கு 100 பேர். 1923-இல் ஓடத் தொடங்கிய பழைய ரயிலில் பாதியில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. 2011-இல் புதுப்பித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சூரியன் மறைவதையும் கீழே ஜோர்ஜ்டவுன் நகர விளக்குகளையும் பார்க்க வந்த கூட்டம் அதன் பிறகு மொத்தமாக இறங்கும். உங்கள் 120 பேரும் அந்த வரிசையின் வாலில், கையில் சலங்கைப் பையும் தோளில் தூங்கும் பிள்ளையுமாக நிற்பார்கள். இன்னொன்று, உச்சியில் ஸ்ரீ அருளொளி திருமுருகன் ஆலயமும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. பினாங்கில் மஃரிப் (அந்தித் தொழுகை) நேரம் பருவத்துக்கு ஏற்ப ஏழு மணிக்குச் சற்று முன்பிருந்து ஏழே முக்கால் வரை நகரும். அப்போது ஒலிபெருக்கியை நிறுத்துவதுதான் மரியாதை. ஆறு மணிக்குத் தொடங்கினால் பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணம் சூடுபிடிக்கிற இடத்தில் நிறுத்தம் விழும்.

காலை 8.30-க்குத் தொடங்கி 11-க்கு முடியுங்கள். கலைஞர்கள் முதல் வண்டிகளில் ஏறட்டும், ரசிகர்கள் அடுத்து. இறங்கும் நேரத்தில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும், இறங்கும் பெட்டியில் இடம் கிடைக்கும். மழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். மலேசியருக்குக் கட்டணம் குறைவு என்பதால் எல்லாரையும் மைகார்ட் (அடையாள அட்டை) கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

மாதம்? செப்டம்பர், அக்டோபர் வேண்டவே வேண்டாம், பினாங்கில் மழை கொட்டும் காலம். ஜனவரி, பிப்ரவரி வறண்டிருக்கும், ஆனால் பொங்கலும் தைப்பூசமும் வருவதால் நாதஸ்வர, தவில்காரர்கள் கிடைக்கமாட்டார்கள். தைப்பூசம் முடிந்து வரும் இரண்டு மூன்று வாரங்கள்தான் தோது. அந்த ஆண்டு ரமலான் நோன்பு மாதம் எங்கே விழுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். இடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பொதுவெளி என்றால் பினாங்கு ஹில் கார்ப்பரேஷன், கோயில் வளாகம் என்றால் ஆலய நிர்வாகம், பங்களா என்றால் அதன் உரிமையாளர். அவர்களுடைய கடிதம் கையில் இருந்தால்தான் மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமம் பற்றிப் பேசமுடியும். காவல் நிலையத்திலும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வித்துவானை வரவழைத்தால் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கும் அரசுக் குழு) அனுமதியும் குடிநுழைவுத் துறையின் பாஸும் தனி வேலை. "பணம் வாங்காமல்தானே பாடுகிறார்" என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் மேடையேற்றாதீர்கள். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் அனுப்பவேண்டியது. மூன்று வருடம் அனுப்பாமல் கிடப்பது இந்த மாதிரி நேரத்தில்தான் வெளியே வரும்.

சாமான் ஏற்றுவது. தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் பாதை இருக்கிறது. செங்குத்தானது, அனுமதி பெற்ற நான்கு சக்கர இயக்க வண்டிகள்தான் போகலாம், லோரி நினைப்பே வேண்டாம். பலத்த மழைக்கு மறுநாள் அந்தப் பாதையை நம்பாதீர்கள். 2017 நவம்பர் புயல் மழையில் மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. கனமானதை முதல் நாளே ஏற்றிப் பூட்டி வைப்பது நல்லது.

ஆடும் தரையில் யாரும் செலவு செய்ய விரும்புவதில்லை, முழங்கால் போவது அங்கேதான். காலைப் பனியில் சிமெண்டும் ஓடும் வழுக்கும், பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவுக்குத் துளியும் நெகிழ்ந்து கொடுக்காது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள். 4-க்கு 8 அடிப் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் வரும், மலையில் தூக்கமுடியாது. கடையிலேயே பாதியாக வெட்டி 4-க்கு 4 ஆக்கிவிடுங்கள். பதினாறு துண்டில் 16-க்கு 16 அடி மேடை, மூன்று பேர் ஆடப் போதும். அடியில் ரப்பர் பாய் விரிக்காவிட்டால் பலகைகள் நகர்ந்து இடைவெளி விழும், கால்விரல் மாட்டும். ஈரப் பலகையில் டேப் ஒட்டாது, முதலில் துணியால் ஒற்றி எடுங்கள்.

வாத்தியங்களுக்கு வருவோம். மேலே ஜோர்ஜ்டவுனைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி, காற்றில் ஈரம் அதிகம். மிருதங்கத்தை ஏர்கோன் வேனில் கொண்டுவந்து உறையைப் பிரித்தவுடன் சுருதி சேர்த்தால் அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். காய்ந்திருந்த தோல் ஈரம் குடித்துத் தளர்வதுதான் காரணம். உறையைத் திறந்து முக்கால் மணி நேரம் சும்மா வையுங்கள், பிறகு சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் எடுங்கள். தோல் விளிம்பின் பின்னலில் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். ஆனால் குளிரில் வேண்டிய சுருதிக்கு ஒரேயடியாக இறுக்கிவிடுவார்கள். பத்து மணி வெயில் பட்டதும் தோல் காய்ந்து சுருதி மேலே போகும், வலந்தலை (வலது முகம்) கிழியவும் செய்யும். தனி ஆவர்த்தனத்துக்கு (மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) முன் ஒருமுறை இறக்கிப் பார்க்க நேரம் கொடுங்கள். தொப்பிக்கு (இடது முகம்) ஒட்டும் ரவையை வழக்கத்தைவிடக் கெட்டியாகப் பிசையவேண்டும், அந்த ஈரத்தில் அது காயவே காயாது. அவசரத்துக்கு ஹேர் டிரையர் காட்டுவதைப் பார்த்தால் பிடுங்கிவிடுங்கள், வலந்தலை நடுவிலுள்ள கருப்புக் கரணை வெடிக்கும். வாருக்குப் பதில் போல்ட்டால் முடுக்கும் மிருதங்கம் ஒன்று மாற்றாக இருந்தால் கவலை பாதியாகும்.

புல்லாங்குழலுக்கு வேறு சிக்கல். காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் குழலின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே 100 சென்ட்). ஐந்து டிகிரிக்கு 15 சென்ட் வரை போகலாம். ஊதி ஊதிக் குழல் சூடேறினால் கொஞ்சம் மீளும். மின் தம்புரா மலையடியில் வைத்த சுருதியிலேயே நிற்கும், அதனால் முதல் உருப்படி முழுவதும் உரசல் கேட்கும். குழல்காரரைப் பத்து நிமிடம் ஊதவிட்டு, அவருக்கேற்பத் தம்புராவை நுணுக்கமாக இறக்குங்கள், மிருதங்கம் அதற்குப் பிறகு சேரட்டும். நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளி ஈரத்தில் ஊறி அடைத்துக்கொள்ளும், ஆகவே நாதஸ்வரக்காரர் நாலைந்தாவது மாற்றி மாற்றி எடுக்கத் தயாராக வரவேண்டும்.

மின்சாரத்துக்கு ஒரே வரி: நீட்டிப்புக் கம்பி இணைப்புகளைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டுங்கள், எர்த் டிரிப் இல்லாத பிளக்கில் மேடை மைக்கை மாட்டாதீர்கள். மின்னல் கண்ணில் பட்டால் நிகழ்ச்சியை நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகு தலைவர் மாலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் வெள்ளை விளக்கு போட்டால் மலைப் பூச்சிகள் மொய்க்கும், பாடுபவர் வாய் திறக்கமுடியாது. மேடைக்கு மஞ்சள் விளக்கு, பத்து மீட்டர் தள்ளி யாரும் இல்லாத பக்கம் ஒரு பெரிய வெள்ளை விளக்கு. பூச்சி அங்கே போய்விடும்.

காலையில் பூச்சிக்குப் பதில் குரங்கு. குத்துவிளக்குத் தட்டில் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு வரவேற்புரைக்குத் திரும்பாதீர்கள், உரை முடிவதற்குள் சீப்பு மரத்தில் இருக்கும். பழத்தை மூடிபோட்ட டப்பாவில் வைத்து, விளக்கேற்றும் நிமிடத்தில் எடுத்து, உடனே உள்ளே கொண்டுபோக ஒருவரை நியமியுங்கள்.