வியன்னாவில் மூன்று நாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் மகள் மியூனிக்கில் படிக்கிறாள். செப்டம்பர் கடைசியில் அவளைப் பார்க்கப் போகிறோம். நடுவில் மூன்று நாள் கிடைக்கிறது. பழைய ஊர் ஒன்றில் நிதானமாகச் சாப்பிட்டு, நல்ல ஒயின் ருசித்து வரலாம் என்று ஆசை. மகள் வியன்னா என்கிறாள். ஒயின் என்றால் பிரான்ஸ், இத்தாலி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். வியன்னாவில் இசையும் அரண்மனையும் தவிர என்ன இருக்கிறது? நான் சைவம். கணவர் அசைவம், ஆனால் மாட்டிறைச்சி தொடமாட்டார். மதுவும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு இந்த ஆசை என்றும் ஒரு தயக்கம் இருக்கிறது.

ஒரு வாசகி,
கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வதைக் கேளுங்கள். மியூனிக்கிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம்தான். வியன்னாவின் ஊரெல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய தலைநகரம் எதிலும் இந்த அளவுக்குக் கிடையாது. அழகுக்காக வைத்திருக்கும் தோட்டங்களும் அல்ல. பறித்து, பிழிந்து, புளிக்க வைத்து, பலர் தங்கள் வீட்டு முற்றத்திலேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். மூன்று நாளில் ஒரு நாளை முழுசாக அந்தக் குன்றுகளுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அதற்காக ஓர் அரண்மனையை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

இந்த வீட்டு ஒயின் கடைகளை ஹாய்ரிகர் என்பார்கள். 1784இல் பேரரசர் இரண்டாம் யோசப், தோட்டக்காரர்கள் தாங்கள் விளைவித்த ஒயினைத் தாங்களே விற்கலாம் என்று ஆணை போட்டார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நடக்கிறது. வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். பல வீடுகள் சில வாரங்கள் திறந்து, சில வாரங்கள் மூடும். அதனால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயினை மேஜைக்கே கொண்டுவருவார்கள். சாப்பாட்டுக்கு நாம்தான் எழுந்துபோய், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டி வாங்க வேண்டும். பல இடங்களில் எடை போட்டு விலை சொல்வார்கள்.

அங்கே நீங்கள் கேட்க வேண்டிய ஒயின் கெமிஷ்டர் சாட்ஸ். ஒரே தோட்டத்தில் பலவகை வெள்ளைத் திராட்சைகளைக் கலந்து நட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து, ஒன்றாகப் புளிக்க வைப்பது. தனித்தனியாகச் செய்து பிறகு கலப்பது இதில் சேராது. அந்தக் காலத்து விவசாயிக்கு இது ஒரு பாதுகாப்பு. ஒரு வகை பனியில் கருகினாலும் இன்னொன்று தப்பிக்கும். ஒன்று புளிப்பாக நிற்கும்போது இன்னொன்று கனிந்திருக்கும். உலகமெங்கும் ஒற்றை ரகத் தோட்டங்களுக்கு மாறிய பிறகும் வியன்னாக்காரர்களில் சிலர் இதை விடவில்லை. 2013இல் இதற்கென்று சட்டபூர்வமான விதியே வந்துவிட்டது: குறைந்தது மூன்று வகை இருக்க வேண்டும், எந்த வகையும் பாதிக்கு மேல் போகக் கூடாது. குளிர்ச்சியாக, லேசான புளிப்போடு, ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ருசியாக இருக்கும். எட்டில் ஒரு பங்கு லிட்டர் என்று சின்ன அளவிலும் தருவார்கள். முதல்முறை ருசிப்பவருக்கு அது போதும்.

ஆஸ்திரிய ஒயினைப் பற்றி நீங்கள் கேள்விப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. 1985இல் அந்நாட்டில் சிலர் ஒயினை இனிப்பாகவும் கெட்டியாகவும் காட்டுவதற்காக டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்து மாட்டிக்கொண்டார்கள். ஏற்றுமதி ஒரேயடியாகச் சரிந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் மிகக் கடுமையானது. நேர்மையான தோட்டக்காரர்கள் அந்த அவமானத்திலிருந்து உழைத்து மேலே வந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். இதில் இன்னொன்றும் சேர்கிறது. வியன்னா ஒயினில் பெரும்பகுதியை வியன்னாவே குடித்துவிடுகிறது. வெளியூர்க் கடைகளுக்கு வருவது கொஞ்சம்தான்.

செப்டம்பர் கடைசி நல்ல சமயம். ஷ்டுர்ம் என்ற, பாதி புளித்த கலங்கலான புது ஒயின் அப்போதுதான் கிடைக்கும். அது புளித்துக்கொண்டே இருப்பதால் பாட்டிலை இறுக்கி மூட முடியாது. படுக்கவைத்தால் பை முழுக்க ஒழுகிவிடும். தித்திப்பாக இருக்கிறதே என்று மளமளவென்று குடித்துவிடாதீர்கள், அதிலும் போதை உண்டு. உங்கள் கணவருக்குப் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு கிடைக்கும். அப்புறம், வயது பற்றிய தயக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். ஹாய்ரிகரின் நீள மேஜைகளில் பாட்டி, மருமகள், பேரக்குழந்தை என்று குடும்பமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் தன் வயதுக்காக விலக வேண்டிய இடம் அல்ல அது.

சாப்பாட்டில் உங்கள் இருவருக்கும் சில எச்சரிக்கைகள். வீனர் ஷ்னிட்செல் என்று மட்டும் போட்டிருந்தால் அது கன்றுக்குட்டி இறைச்சி, விதியே அப்படித்தான். பன்றி இறைச்சியில் செய்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுவார்கள். கணவருக்கு பாக்ஹென்டல் சொல்லுங்கள், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழி அது. நீங்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் நுணுக்கமானவை. ஃப்ரிட்டாட்டன் சூப்பில் மிதப்பது தோசை மாதிரி மாவுத் துண்டுகள்தான், ஆனால் சூப்பு மாட்டு எலும்புச் சாறு. வியன்னா உருளைக்கிழங்கு சாலட்டிலும் பல சமையலறைகளில் அதே சாற்றை ஊற்றிக் கிளறுவார்கள். ஹாய்ரிகரில் ரொட்டி மேல் வெண்ணெய் போலத் தடவித் தருவது பன்றிக்கொழுப்பாக இருக்கலாம். கேட்காமல் எடுக்காதீர்கள். நம்பி வாங்கக்கூடியது லிப்டவர்: மென்மையான பாலாடைக்கட்டியில் மிளகாய்ப் பொடியும் வெங்காயமும் சீரகம் போன்ற கேரவே விதையும் சேர்த்துப் பிசைந்த செம்மஞ்சள் விழுது. கறுப்பு ரொட்டியோடு கெமிஷ்டர் சாட்ஸுக்கு அவ்வளவு பொருத்தம். அதிலும் சிலர் நெத்திலி சேர்ப்பதுண்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால், கைசர்ஷ்மார்ன் என்ற, பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பத்தைத் தவறவிடக் கூடாது.

காபிக்கடைகளைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். காபியோடு வரும் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிடாதீர்கள். அது ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து, 1873இலும் 1910இலும் கட்டி முடித்த இரண்டு நீண்ட கால்வாய்க் குழாய்களில் ஊருக்கு வருவது. குழாய்த் தண்ணீரே அதுதான். பாட்டில் வாங்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை போய் இறங்குங்கள். அன்று பழைய நகரத்தில் நடந்தால் போதும். சனிக்கிழமை காலை நாஷ்மார்க்ட் சந்தை, ஞாயிறன்று அது மூடியிருக்கும். ஹாய்ரிகருக்கு கிரின்சிங் பகுதிக்குப் போங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அங்கே சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் அதிகமாகப் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை ‘டி’ (D) என்ற டிராமில் நுஸ்டார்ஃப் போய் இறங்கி, நுஸ்பெர்க் குன்றின் மேல் தோட்டங்களுக்கு நடுவே ஏறுங்கள். வார இறுதியில் வெயில் அடித்தால் கொடிகளுக்கு நடுவிலேயே மேஜை போட்டிருப்பார்கள். கீழே டான்யூப் நதியும் முழு ஊரும் தெரியும். ஏற்றம் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் ஹைலிகன்ஷ்டாட்டிலிருந்து 38ஏ பேருந்தில் காலன்பெர்க் உச்சிவரை போய், அங்கிருந்து மெதுவாக இறங்கிவரலாம். மழை வந்தால் மேலே இருக்கும் கடைகள் திறக்காது. அப்போது 31ஆம் எண் டிராமில் ஷ்டாமர்ஸ்டார்ஃப் போய்விடுங்கள், அங்குள்ள ஹாய்ரிகர்களில் வீட்டுக்குள்ளேயே உட்கார இடமிருக்கும்.