கூட்டத்துக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை: ஓய்வுபெற்ற செவிலியரிடம் சில கேள்விகள்

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் சேலம் நகரிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர் ஒருவர் பதிலளிக்கிறார். பழங்குடிக் குடும்பங்களையும் சிறுபான்மை மொழி பேசும் குடும்பங்களையும் குழந்தை வளர்ப்புப் பயிற்சிகளில் பங்கேற்கச் செய்வது பற்றியே எல்லாக் கேள்விகளும் வந்துள்ளன.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், நாகலூர்ப் பக்கம்): மாதந்தோறும் பெற்றோர் கூட்டம் நடத்துகிறேன். மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துத் தாய்மார் வருவதே இல்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிடலாமா அம்மா?

பதில்: எழுதிவிடாதீர்கள். நானும் ஒருமுறை அப்படி எழுதிவிட்டு வெட்கப்பட்டவள்தான். செம்மநத்தத்துக்கு அப்பால் ஓர் ஊரில், கார்த்திகை மாதத்தில், காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தேன். பேரப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று பாட்டிமார் மட்டும் வந்திருந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. பறித்த எடைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு, என் கூட்டத்துக்கு வருவது என்பது அன்றைய வருமானத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. “பகலெல்லாம் புள்ள எங்கிட்டதான் கெடக்குது, சொல்றத எங்கிட்டச் சொல்லு” என்று அந்தப் பாட்டிமாரில் ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. நம் படிவத்தில் தாய்க்கு ஒரு கட்டம் இருக்கிறது. பாட்டிக்குக் கட்டமே இல்லை.

அதன்பின் பறிப்புக் காலம் முடியும்வரை இருட்டிய பிறகுதான் போனேன், அதுவும் அவர்கள் சொன்ன திண்ணைக்கு. முதல் இரண்டு முறை நான் எதையும் கற்பிக்கவில்லை; பிள்ளை அழுதால் என்ன பாடுவீர்கள், காட்டுக்குப் போகும் வழியில் அதற்கு எதையெல்லாம் காட்டுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பலாக் கொட்டையை எண்ணிக் காட்டுவதும், மிளகுக் கொடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அதன் பெயரைச் சொல்வதும், பயிற்சிக் கையேடு சொல்லும் மூளை வளர்ச்சிக்கான தூண்டல்தான் என்று அவர்களிடம் சொன்னபோது பாட்டிமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வராமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் பிள்ளை எடைக்குறைவைக் காட்டும் மஞ்சள் பட்டைக்கு இறங்கிவிட்டது என்பதை எல்லார் காதிலும் விழும்படி அறிவிக்கும் கூட்டத்துக்கு எந்தத் தாய்தான் மறுமாதம் வருவாள்? இளவயதில் மணமான பெண் என்றால், எங்கே விசாரணை வந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். எடையைத் தனியாகச் சொல்லுங்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊரே கூடும்போது துண்டறிக்கை கொடுக்கப் போகாதீர்கள். சாமி கும்பிடப் போங்கள்.

(மலையாளி என்பது கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் என்பதை, புதிதாகப் பணிக்கு வருவோருக்கு இன்றும் சொல்லவேண்டியிருக்கிறது.)

கேள்வி (தன்னார்வலர், சேலம் கோட்டைப் பகுதி): உருது பேசும் தாய்மார் வருகிறார்கள், ஆனால் வாய் திறப்பதில்லை. பள்ளியில் படிக்கும் அவர்களுடைய மகள்களையே மொழிபெயர்க்கச் சொல்கிறோம். இது சரியா?

பதில்: சரியன்று. தாய்ப்பால், மாதவிலக்கு, கணவரோடு வரும் சச்சரவு ஆகியவற்றைப் பத்து வயது மகளின் வாய் வழியாக எந்தத் தாய் பேசுவாள்? அதே தெருவில் மதிப்புள்ள, இரண்டு மொழியும் அறிந்த ஒரு பெண்மணியைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கு உரிய ஊதியம் கொடுங்கள். வீட்டு மொழியில் பேசினால் பிள்ளைக்குத் தமிழ் வராது என்று சிலர் அறிவுரை கூறுகிறார்கள், அது தவறு. தாய்க்கு எந்த மொழியில் கதை சரளமாக வருகிறதோ அந்த மொழியில்தான் பிள்ளைக்குச் சொற்கள் பெருகும். உருதுவுக்குச் சொல்வது சௌராஷ்டிரத்துக்கும் தெலுங்குக்கும் பொருந்தும்.

கேள்வி (பட்டு நெசவுக் குடும்பத்துத் தந்தை, சேலம்): வாரம் ஒருமுறை ஒருவர் வந்து பிள்ளையோடு விளையாடிக் காட்டிவிட்டுப் போவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: நியாயமான ஐயம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87இல், வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஒன்பது முதல் இருபத்துநான்கு மாதக் குழந்தைகளின் ஏழை வீடுகளுக்கு, மருத்துவரோ ஆசிரியரோ அல்லாத சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுகள், வாரம் ஒரு மணி நேரம் சென்றுவந்தார்கள். வீட்டுப் பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகளின் வருமானம், அவ்வாறு யாரும் சென்றுவராத வீட்டுப் பிள்ளைகளின் வருமானத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. வந்தவர் பிள்ளையோடு மட்டும் விளையாடிவிட்டுப் போனால் இது நடக்காது. அடுத்த ஆறு நாளும் விளையாட வேண்டியவர் நீங்கள். தறிக்குழியில் இருந்தபடியே நூலின் நிறங்களைப் பெயர் சொல்லிக் காட்டலாமே.

கேள்வி (செங்கல் சூளைப் பகுதித் தொண்டர்): ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் சில மாதங்களில் போய்விடுகின்றன. தொடங்குவதே வீண் அல்லவா?

பதில்: நான்கு மாதம் என்பது ஒரு கைக்குழந்தைக்கு நீண்ட காலம். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசி, எடை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி, அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்; போகும் ஊரில் அதுதான் பேசும்.

கேள்வி (கிராமச் செவிலியர், வாழவந்தி அருகே): பதினெட்டு மாதமாகியும் பிள்ளை நடக்கவில்லை. நேர்த்திக்கடன் வைத்திருக்கிறோம், பொறுங்கள் என்கிறார்கள். வற்புறுத்தினால் பயிற்சிக்கும் வராமல் போய்விடுவார்களோ?

பதில்: பெரும்பாலான குழந்தைகள் அந்த வயதுக்குள் பிடிமானமின்றி நடந்துவிடுகின்றன, ஆகவே காத்திருக்க வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை இலவசப் பரிசோதனையும் மேல்சிகிச்சையும் உண்டு. நேர்த்திக்கடனை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். கோயிலுக்குப் போகும் நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கு மறுநாள் மருத்துவமனைக்குப் போகலாம் என்று நாள் குறியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிச் சேலத்துக்கு இறங்கும் அந்த முதல் பயணத்தில் நீங்களே உடன் செல்லுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியவர்களில் பலர் பேருந்து நிலையத்தோடு திரும்பிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.