டிவிக்குப் பதில் புரொஜெக்டர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் 32 அங்குல டிவியின் திரையில் கோடு விழுந்துவிட்டது. பேனல் மாற்றுகிற செலவுக்குப் புது டிவியே வாங்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். 43 அங்குல டிவி 26,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகனோ, புரொஜெக்டர் வாங்கினால் சுவர் முழுக்கப் படம் தெரியும், தியேட்டர் செலவும் மிச்சம் என்கிறான். அவன் பார்த்து வைத்திருக்கும் பல்பு வகைப் புரொஜெக்டர் ரொக்கத்துக்கு 43,000 ரூபாய். "வட்டியில்லாத் தவணை" என்றால் மாதம் 3,834 வீதம் 12 மாதம். கணவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், நான் தைக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 48,000 வருகிறது. வண்டிக் கடனுக்கு 4,200 போகிறது. தீபாவளி போனஸில் 35,000 கையில் இருக்கிறது. மாமியாரையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். வாடகை வீடு. எதை வாங்குவது?
வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் விலை இருக்கிறது, தவணை இருக்கிறது, மகனின் ஆசை இருக்கிறது. பகலெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரப்போகிறவர் யார் என்பது மட்டும் இல்லை. நீங்கள் இருவரும் வேலையில், பிள்ளைகள் படிப்பில். அநேகமாக உங்கள் மாமியார்தான். மத்தியான சீரியலுக்காக அவர் ஜன்னலை எல்லாம் சாத்தித் திரைச்சீலை இழுத்துவிட்டு, திருப்பூர் வெயிலில் இருட்டறைக்குள் உட்கார வேண்டுமா? புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டால் கறுப்பு சாம்பலாகிவிடும், முகங்கள் வெளிறிவிடும்.

இனி கணக்கு. டிவியை நாளுக்கு நான்கு மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,460 மணி நேரம். பல்பு வகைப் புரொஜெக்டரில் பல்பின் ஆயுள் முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ 4,000 மணி நேரம். அப்படியானால் மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் பல்பு மாற்ற வேண்டியிருக்கும். பல்புக்கு 8,000, திரைக்கு 4,000 என்று சேர்த்தால் ஐந்து ஆண்டுகளில் 55,000 ரூபாய். மணிக்கு ஏழரை ரூபாய். 26,000 ரூபாய் டிவி ஏழு ஆண்டுகள் உழைத்தால் மணிக்கு இரண்டரை ரூபாய். ஏழு ஆண்டு என்பது என் கணிப்புதான். அது ஐந்தே ஆண்டில் போய்விட்டாலும் மூன்றரை ரூபாய்தான் ஆகிறது.

மின்சாரத்தையும் பாருங்கள். அந்த வகைப் புரொஜெக்டர் 300 வாட் வரை இழுக்கும்; 43 அங்குல எல்இடி டிவிக்கு 100 வாட் தாராளம். மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்தில் முன்னது 72 யூனிட், பின்னது 24. வித்தியாசம் 48 யூனிட்தானே என்று தோன்றும். உங்கள் வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். 460, 470 என்று ஓடிக்கொண்டிருந்தால் இந்த 48 உங்களை 500-க்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்குக் கிடைத்துவந்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும்.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. 2013-லேயே ரிசர்வ் வங்கி இதைச் சொல்லிவிட்டது. உங்கள் கடைக்காரரே ரொக்கத்துக்கு 43,000, தவணைக்கு 46,000 என்கிறாரே, அந்த 3,000 என்ன? நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வருவதால், இது ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீத வட்டிக்குச் சமம். பரிசீலனைக் கட்டணம் தனி. ஏற்கெனவே 4,200 போகிற வீட்டில் இன்னொரு 3,834 சேர்ந்தால், சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு கடனுக்கே போய்விடும். ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோகிற மாதங்கள் எப்படியிருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

வரியைப் பற்றி யாராவது குழப்பினால் காதில் வாங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் புரொஜெக்டருக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒன்றுதான்.

தியேட்டர் செலவு மிச்சமாகும் என்ற வாதத்தை நான் நம்பவில்லை. தியேட்டருக்குப் போவது புதுப் படம் பார்க்க. அது வீட்டுக்கு வர வாரக்கணக்காகும். அதற்கும் ஓடிடி சந்தா கட்ட வேண்டும். முதல் வாரமே பார்த்தாக வேண்டிய படத்துக்கு உங்கள் மகன் எப்படியும் தியேட்டருக்குத்தான் போவான்.

ஆனாலும் அவன் ஆசையில் நியாயம் இருக்கிறது. 43 அங்குலத் திரையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பரப்பு கொண்டது 100 அங்குலத் திரை. ஐந்து பேரும் பாயை விரித்து ஒரே படத்தைப் பார்ப்பது தனி சுகம்தான். வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஆண்டுக்கு 312 மணி நேரம். பல்பு பன்னிரண்டு ஆண்டுக்குக் காணும். தினப்படிக்கு வைத்தால் பணத்தைத் தின்கிற அதே சாமான், இரண்டாவது திரையாக இருந்தால் சாதுவாகிவிடுகிறது.

அதனால் இப்போது டிவியை ரொக்கத்தில் வாங்குங்கள். போனஸில் மிச்சமாகும் 9,000 வங்கியிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும். தவணைக்கு 3,834 கட்டத் துணிந்தவர்கள், பின்னால் வாங்கப்போகும் புரொஜெக்டருக்கென்று மாதம் 2,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடலாமே. பதினெட்டு மாதத்தில் அசல் மட்டுமே 36,000 சேரும். பையனுக்கும் அதற்குள் பரீட்சை முடிந்திருக்கும்.

அதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களிடமிருந்து ஒரு புரொஜெக்டரை எடுத்து வந்து மாலை மூன்றரை மணி ஐபிஎல் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள், பிறகு ஏழரை மணி ஆட்டத்தையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். 100 அங்குலப் படம் விழச் சாதாரணப் புரொஜெக்டரைச் சுவரிலிருந்து ஒன்பது முதல் பதினோரு அடி தள்ளி வைக்க வேண்டும். உங்கள் கூடத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா, கூரையில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

ஒன்பதாயிரத்துக்கு இணையத்தில் கிடைக்கிறதே என்று அவன் கேட்பான். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். பெட்டியின் மேல் 9,000 லூமென்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது. சாயங்காலம் விளக்கைப் போட்டால் நாயகன் யார், வில்லன் யார் என்று தெரியாது. மழைக்காலம் முடிவதற்குள் லென்ஸுக்குள் தூசி புகுந்து திரையில் ஒரு கறை நிரந்தரமாகிவிட்டது. பழுது பார்க்க ஊரில் ஆளில்லை. இப்போது அது பரணில், பழைய கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்கெரியும் கூடத்துக்கு 2,500 ஆன்சி லூமென்ஸாவது, அதாவது தர நிர்ணய முறைப்படி அளந்த வெளிச்சம், வேண்டும். "ஆன்சி" என்ற சொல் இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. "ஃபுல் எச்டி சப்போர்ட்" என்றிருந்தால் அந்தப் படத்தை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் பொருள். அந்தத் துல்லியத்தில் காட்டும் என்று பொருளில்லை. "நேட்டிவ்", அதாவது கருவியின் சொந்தத் துல்லியம், எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இந்தப் பதினெட்டு மாதத்தில் உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பிடித்த மாடலுக்குப் பல்பு என்ன விலை, கோவையிலாவது சர்வீஸ் இருக்கிறதா என்று விசாரித்து எழுதி வரட்டும்.