பேஸ்மென்ட்டில் லாமினேட் தரையை நாமே போடலாமா? அடியில் எந்த அண்டர்லேமென்ட் (பலகைக்கும் தரைக்கும் நடுவே விரிக்கும் விரிப்பு) வாங்குவது?

(கேட்டவர் டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கிறார். கீழே கான்கிரீட் பேஸ்மென்ட், மேலே மரத்தளத்தில் படுக்கையறைகள்.)

தாராளமாகப் போடலாம். மிசிசாகாவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டிலும் மேல்மாடிப் படுக்கையறைகளிலும் நானேதான் போட்டேன். பேஸ்மென்ட்டில் மட்டும் இரண்டு முறை. இரண்டாவது முறை ஏன் போட வேண்டிவந்தது என்று சொன்னாலே உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதல் முறை போட்டது ஒரு பிப்ரவரியில். கான்கிரீட் ஜில்லென்று இருக்குமே, காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நினைத்து, கடையில் இருந்ததிலேயே தடிமனான ஃபோம் ரோலை வாங்கினேன். கிட்டத்தட்ட 6 மி.மீ. இருக்கும். அதற்கு அடியில் பாலித்தீன் ஷீட் எதுவும் விரிக்கவில்லை. கான்கிரீட் காய்ந்து வெளுப்பாகத்தான் தெரிந்தது. ஜூலையில் பலகைகளின் ஓரங்கள் உப்பிக்கொண்டன. அடுத்த மாதம், ஆட்கள் அதிகம் நடக்கும் வழியில் நாலைந்து இணைப்புகள் வாய் பிளந்துவிட்டன. அத்தனையையும் பெயர்த்தெடுத்த அன்றுதான் அடியில் என்ன நடந்திருக்கிறது என்பது தெரிந்தது. ஃபோமின் அடிப்பக்கம் முழுக்க ஈரம்.

லாமினேட் பலகையின் நடுப்பகுதி, மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய எச்டிஎஃப். மேலே மர அச்சுப் பதித்த காகிதம், அதன்மேல் கண்ணாடி போலத் தெளிவான, கெட்டியான ஒரு அடுக்கு. மேலே சிந்தும் தண்ணீரை உடனே துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. கீழேயிருந்து ஏறும் ஈரம்தான் ஆபத்து. ஊரில் சுவரில் ஓதம் ஏறுமே, அதுபோல மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக ஆவியாக ஏறிக்கொண்டே இருக்கும். திறந்து கிடக்கும் தரையில் அது காற்றோடு போய்விடுவதால் நம் கண்ணுக்குத் தெரியாது. மூடினோம் என்றால் அங்கேயே தங்கிவிடும்.

தடிமன் கதை வேறு. பலகைகளைப் பூட்டி வைத்திருப்பது ஒரு சின்ன நாக்கும் பள்ளமும்தான். அடியில் மெத்தை மாதிரி இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் பலகை அமுங்கி அந்த நாக்கு வளையும். ஆயிரம் முறை வளைந்தால் ஒடியத்தானே செய்யும்? அதனால் 2 அல்லது 3 மி.மீ. போதும். தடிமனைவிட, விரலால் அழுத்தினால் எளிதில் நசுங்காத அடர்த்திதான் முக்கியம்.

சரி, எதை வாங்குவது? அடியில் என்ன தரை இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கான்கிரீட் என்றால் முதலில் 6 மில், அதாவது 0.15 மி.மீ. கனமுள்ள பாலித்தீன் ஷீட். ஒரு ஷீட் மேல் இன்னொன்று 20 செ.மீ. ஏறும்படி விரித்து டேப் ஒட்டி, சுவர் ஓரத்தில் கொஞ்சம் மேலே ஏற்றிவிடுங்கள். மிச்சத்தைப் பேஸ்போர்டு (சுவரின் அடியில் அடிக்கும் பட்டி) மறைத்துக்கொள்ளும். அதன்மேல் ஃபோம். இரண்டும் ஒன்றாக ஒட்டியே வரும் ரோல்களும் உண்டு, வேலை மிச்சம். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். 18 அங்குலச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் கான்கிரீட்டோடு டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ தரை வேலையை நிறுத்திவிட்டு, வெளியே மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா, கூரைக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். காய்ந்திருந்தாலும் பாலித்தீனை விட்டுவிடாதீர்கள். அந்தச் சோதனை அன்றைய நிலையைத்தான் காட்டும்.

மேல்மாடி மரத்தளத்தில் ஓதக் கவலை இல்லை, பாலித்தீனும் வேண்டாம். அங்கே பிரச்சினை சத்தம். சாதாரண ஃபோமில் நடந்தால் டொக் டொக்கென்று கேட்கும். நான் 3 மி.மீ. அழுத்தப்பட்ட ஃபெல்ட் போட்டேன், நல்ல வித்தியாசம். கார்க்கும் நன்றாக இருக்கும், விலைதான் கூட. பெட்டிமேல் ஐஐசி என்று, நடக்கும் சத்தம் கீழே இறங்காமல் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். பல சமயம் அது தடித்த கான்கிரீட் தளமும் கீழே பொய்க்கூரையும் சேர்த்து அளந்த எண். மர வீட்டில் அந்த அளவு கிடைக்காது. காண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) இருப்பவர்கள், நிர்வாகம் எந்த எண் கேட்கிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகு கடைக்குப் போவது நல்லது.

பலகையின் முதுகிலேயே ஃபோம் ஒட்டி வந்திருந்தால் மேலும் ஒரு ஃபோம் கூடவே கூடாது. கான்கிரீட்டில் வெறும் பாலித்தீன் மட்டும் போதும்.

மேடு பள்ளத்தை அண்டர்லேமென்ட் சரிக்கட்டிவிடும் என்று கடையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீளமான மட்டப்பலகையைத் தரையில் வைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 3/16 அங்குலத்துக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் மேட்டைத் தேய்க்க வேண்டும், பள்ளத்தை செல்ஃப் லெவலர் (தானே பரவி மட்டமாகும் கலவை) ஊற்றி நிரப்ப வேண்டும். உங்கள் வீடு பழையது என்பதால் இன்னொன்று: தரையில் 9 அங்குலச் சதுர வினைல் டைல்கள் இருந்தால் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தக் காலத்து டைலிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆய்வகத்தில் சோதித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

பெட்டிகளைப் பிரிக்காமல் 48 மணி நேரம் அதே அறையில் படுக்க வையுங்கள். அப்புறம் சுவரைச் சுற்றிலும் 1 செ.மீ. இடைவெளி. மழைக்காலத்தில் மரக்கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று எல்லாவற்றையும் உலர்த்திவிடும், கோடையில் பலகை விரியும். ஆப்பு வைத்துக்கொண்டே போனால் சுவரோரம் தப்பு வராது. கதவுச் சட்டத்தடியிலும் குழாயைச் சுற்றியும்தான் மறந்துவிடுவோம். சட்டத்தை அடியில் அறுத்துப் பலகையை உள்ளே நுழைப்பதே சரியான முறை. அறுக்கும் உயரத்துக்கு ஒரு துண்டுப் பலகையையும் அண்டர்லேமென்ட்டையும் சேர்த்து அடியில் வைத்து அளந்துகொள்ளலாம். பேஸ்போர்டைச் சுவரில்தான் ஆணி அடிக்க வேண்டும், தரையில் அல்ல.

முதல் வரிசைக்கு முன் கணக்குப் போடுங்கள். என் அறை அகலம் 308 செ.மீ., இடைவெளி போக 306. 19 செ.மீ. பலகை 16 வரிசை போனால் மீதி 2 செ.மீ. அவ்வளவு ஒல்லியான கீற்று பூட்டிலேயே நிற்காது. அதனால் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் பத்தரை செ.மீ. அகலத்துக்கு அறுத்தேன். அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுகள் குறைந்தது ஒரு அடி தள்ளியே வரட்டும். அறுப்பதை வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள். அந்தத் தூள் மிக நுண்ணியது, நெஞ்சுக்கு ஆகாது.

அளவைவிட 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மீந்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதே டிசைன் இரண்டு வருஷம் கழித்துக் கடையில் இருக்காது. எங்கள் பேஸ்மென்ட்டில் வாஷிங் மெஷின் குழாய் கசிந்து மூன்று பலகைகள் உப்பியபோது, படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த பெட்டியிலிருந்துதான் எடுத்து மாற்றினேன்.